சிவப்பு மைக்குக் கீழே

பிப்ரவரி 3, திங்கள்

டைரி எழுதும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. இதுவும் டைரி இல்லை, ஆதாரம். ரிட்டயர் ஆக எட்டே வாரம் இருக்கிற நேரத்தில் என் டிபார்ட்மென்டில் ஒரு மிஷினைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். நாளைக்கு ஏதாவது ஏடாகூடமாகி, "நீங்க ஏன் அப்பமே சொல்லல மேடம்?" என்று டீன் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்த நோட்டு.

மிஷின் என்றால் ஒரு லேப்டாப். நெஞ்சு எக்ஸ்ரேயைக் கொடுத்தால் என்ன நோய் என்று சொல்லுமாம், சதவீதக் கணக்கோடு. ஆறு வாரம் சோதனை. நான் பார்க்கிற அதே படங்களை அதுவும் பார்க்கும். கடைசியில் யார் சரி என்று ஒப்பிடுவார்களாம். முப்பத்தொரு வருஷமாக நுரையீரல் பார்க்கிறவளுக்கு இந்த வயதில் ஒரு பரீட்சை!

அதைக் கொண்டுவந்தவள் ஜெபக்கனி. என்னிடம் எம்.டி. படித்தவள்தான். பிராக்டிகலில் நான் ஃபெயில் போட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதிப் பாஸானவள். இப்போது சென்னையில் சொந்தக் கம்பெனி, கழுத்தில் ஐ.டி. கார்டு.

"வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன். நீ இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போனதுக்கு அப்புறமும் இருப்பேன்" என்றேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் தண்ணி மோட்டார் ஓடவில்லை. மூன்று தடவை போன் செய்தும் மெக்கானிக் எடுக்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

எங்கள் டிபார்ட்மென்டில் ஒரு நடைமுறை உண்டு. அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் ஜெபக்கனி அதைப் பற்றி டீனிடம் ஏதோ கிண்டலாகச் சொன்னாள் என்று கேள்விப்பட்டேன்.

தினமும் காலை எட்டு மணிக்கு முந்தின நாள் படங்களை எல்லாம் விளக்குப் பெட்டியில் மாட்டுவார்கள். பி.ஜி. பிள்ளைகள் ஆளுக்கொரு படமாகச் சொல்லுவார்கள். நீல மையில் அவர்கள் சொன்னதை ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். கடைசியில் நான் பார்த்துச் சிவப்பு மையில் எழுதுவேன். சிவப்பு மைக்குக் கீழே யாரும் ஒரு எழுத்து எழுதக் கூடாது. அவ்வளவுதான். இது கொடுமையா? ஒரு வார்டுக்கு ஒரு முடிவுதான் இருக்க முடியும். ஆளாளுக்கு எழுதினால் நோயாளி எந்த மருந்தைத் தின்பான்?

இன்று பதினெட்டு படம். பதினேழில் மிஷினும் நானும் ஒன்றே சொன்னோம். ஜெபக்கனிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது. என்னோடு ஒத்துப்போகிற அளவுக்கு அந்தச் சனியனுக்கு யார் இடம் கொடுத்தது?

பிப்ரவரி 6, வியாழன்

ஓ.பி.யில் இருநூற்றுப் பத்து பேர். அதில் ஒருத்தி இருக்கிறாளே, சரியான திமிர் பிடித்தவள். பெயர் மாடத்தி, நாற்பத்தொரு வயது, ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவள். இருமலில் ரத்தம் என்று வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது.

"நீங்க இன்னும் இங்கனதான் இருக்கீயளா?" என்றாள்.

வேறு எங்கே இருக்க வேண்டுமாம் நான்?

இருமல் எத்தனை நாளாக என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் தடவை கத்தின பிறகுதான், "கல்யாண வீட்டுல புரையேறிச்சு, அன்னைலேருந்துதான்" என்று ஆரம்பித்தாள். நான் கேட்பது நாள் கணக்கு, அவள் சொல்லுவது கல்யாணக் கதை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றேன். உடனே வாயை மூடிக்கொண்டாள். பழைய சீட்டு ஒன்றை, மஞ்சளாகி மடிப்பில் கிழிந்தது, மேஜையில் வைத்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவள் என்று நவ்ஷாத் சொன்னான். நவ்ஷாத் என் இரண்டாம் வருஷ பி.ஜி., உருப்படியானவன். சீட்டை ஃபைலில் வைக்கச் சொல்லிவிட்டு அட்மிஷன் போட்டேன். பின்னால் இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள், இதையெல்லாம் விரித்துப் படித்துக்கொண்டிருக்க முடியுமா?

எழுந்து போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். ரத்தசோகையாக இருக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

மோட்டார் மெக்கானிக் வந்தான். "காயில் போச்சு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 10, திங்கள்

மாடத்தியின் படம் இன்று. வலது பக்கம் கீழே வெள்ளையாக ஒரு திட்டு. மிஷின் என்ன சொன்னது தெரியுமா? காசநோய், தொண்ணூற்று மூன்று சதவீதம்.

உண்மையைச் சொன்னால் என் கண்ணுக்கும் காசநோயாகத்தான் பட்டது. சிவப்புப் பேனாவைத் திறந்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்து ஜெபக்கனி, "மேடமும் அதத்தான் எழுதப் போறாங்க, பாருங்க" என்று அவள் கம்பெனிப் பையனிடம் மெதுவாகச் சொன்னாள். எனக்குச் சுரீர் என்று ஏறியது. என்ன எழுதுவேன் என்று இவள் எனக்குச் சொல்லுகிறாளா?

பேனாவை மூடினேன். "காசநோய் இல்ல. சளியில கிருமி இருக்கா? ரெண்டு சாம்பிளும் நெகட்டிவ். முதல்ல பிராங்கோஸ்கோப்பி பண்ணணும்" என்றேன். அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயை விட்டு நேராகவே பார்த்துவிடுவது. நவ்ஷாத் ஆச்சரியமாகப் பார்த்தான். ஜெபக்கனி என்னையே பார்த்தாள், சிரிக்கவில்லை.

வீம்புக்குத்தான் சொன்னேன். இங்கே எழுதுவதற்கு என்ன, இதை நான் மட்டும்தானே படிக்கப் போகிறேன்.

பிப்ரவரி 12, புதன்

வார்டு ரவுண்ட்ஸ். மாடத்தி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, "எப்படி இருக்கே?" என்று கேட்டதைக் கண்டுகொள்ளவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பிள்ளைகள் என் பின்னால் நிற்கிறார்கள்! "ஏய், ஒன்னத்தான்!" என்று கட்டில் கம்பியைத் தட்டினேன். திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அவளுக்குக் காது கேக்காது மேடம். சத்தமா பேசணும்" என்றாள் சிஸ்டர் ரோணிக்கம்.

"பீடிக் கட்டுக்கு எத்தன ரூவான்னு கேட்டா கேக்கும்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவளோடு ஒருத்தி துணைக்கு வந்திருக்கிறாள், புருஷனோடு கூடப் பிறந்தவள், சொர்ணம். துணை என்று பெயர்தான். வார்டுக்குள் கால் வைக்க மாட்டாள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். தட்டையும் தம்ளரையும் தரையில் வைத்துக் காலால் உள்ளே தள்ளிவிட்டாள். நான் சத்தம் போட்டேன். "எங்க வீட்டுல சின்னப் பிள்ளைய இருக்கு டாக்டரம்மா. ஒம்போது வருசமா பின்கட்டுலதான் வச்சிருக்கோம். தட்டு தனி, தண்ணி தனி. எங்கண்ணன் இவ சீக்குக்குப் பயந்துதான் திருப்பூருக்குப் போயி இன்னொருத்தியக் கட்டிக்கிட்டாரு" என்றாள். என்ன ஜென்மங்கள்! காசநோய் மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாது என்று முப்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன், ஒருத்தி மண்டையிலும் ஏறவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜெயித்தேன்!

காலை பத்தரைக்குக் குழாயை விட்டேன். வலது கீழ்க் கிளையில் சதை வளர்ந்து வழியை அடைத்திருந்தது. உறிஞ்சி எடுக்க எடுக்கச் சீழ். அதற்குப் பின்னால் கறுப்பாக ஏதோ. நவ்ஷாத் கட்டி என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன். ஒன்றேகால் மணி நேரம். கை மரத்துப்போனது. கடைசியில் வந்தது, பாக்கு. கொட்டைப்பாக்கில் பாதி. தட்டில் போட்டதும் 'டங்' என்று சத்தம் கேட்டது.

வெற்றிலை போடுகிறவளுக்குப் புரையேறி உள்ளே போயிருக்கிறது. அங்கேயே கிடந்து, அடைத்து, சீழ் பிடித்து, படத்தில் காசநோய் மாதிரி வேஷம் போட்டிருக்கிறது. மிஷினுக்கு என்ன தெரியும்? தொண்ணூற்று மூன்று சதவீதமாம்! பாக்கை ஒரு பாட்டிலில் போட்டு ஜெபக்கனியின் லேப்டாப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். "இது எத்தன சதவீதம்னு கேட்டுச் சொல்லு" என்றேன். டிபார்ட்மென்டே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அவள் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேஷண்ட் பேரு என்ன மேடம்?" என்றாள்.

"மாடத்தி. எதுக்கு?"

"சும்மாதான்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. தோற்றால் அப்படித்தான் இருக்கும்.

ராத்திரிக்கு அல்வா வாங்கினேன். சர்க்கரை இருக்கிறது, பரவாயில்லை.

பிப்ரவரி 15, சனி

டீனுக்கு மூன்று பக்கக் கடிதம். சோதனையை உடனே நிறுத்த வேண்டும், அதை நம்பியிருந்தால் ஒரு ஏழைப் பெண்ணுக்கு மூன்றாம் தடவையாகத் தேவையில்லாத மருந்து போயிருக்கும் என்று எழுதினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மாடத்திக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறாள். நுரையீரலின் அந்தக் கீழ்ப்பகுதி கெட்டுப் போய்விட்டது, அது இனித் திரும்பாது. மற்றபடி பிழைத்துக்கொள்வாள்.

ரவுண்ட்ஸில் நவ்ஷாத் தயங்கித் தயங்கி, "மேடம், அப்ப முன்னாடி ரெண்டு தடவ குடுத்த காசநோய் மருந்து..." என்றான்.

"எவன் குடுத்தானோ! குழாய் விட்டுப் பாக்கணும்னு தோணாத ஏதோ ஒரு மடையன். ரெண்டாம் தடவ ஊசி வேற போட்டிருப்பான். அம்பத்தாறு ஊசி. அந்த ஊசி காதக் கெடுக்கும், தலை சுத்தும், நேரா நடக்க விடாது. புஸ்தகத்துல இல்லியா? படிச்சிட்டுத்தான வாரானுவ?" என்று பிள்ளைகளுக்கு அங்கேயே வைத்து வகுப்பு எடுத்தேன். அருமையாக வந்தது வகுப்பு. முடிகிற நேரம் மாடத்தியைப் பார்த்தேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்.

பென்ஷன் பேப்பருக்கு ஜோடிப் போட்டோ கேட்கிறார்கள். புருஷன் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, ஜோடிக்கு எங்கே போவேன் என்று கிளார்க்கைக் கடித்து வைத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

டீன் அறையில் மீட்டிங். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாக்கு பாட்டிலை மேஜை நடுவில் வைத்தேன். படத்தைக் காட்டினேன், மிஷின் சொன்னதைக் காட்டினேன். டீன் தலையை ஆட்டினார். "என்ன டாக்டர் ஜெபக்கனி, பதில் சொல்லுங்க" என்றார்.

ஜெபக்கனி எழுந்தாள். "மிஷின் சொன்னது தப்புதான் சார். ஒத்துக்கிடுதேன். ஏன் தப்பாச்சுன்னு ஒரு வாரமா உக்காந்து பார்த்தோம். மிஷினுக்குன்னு தனியா புத்தி கிடையாது. பழைய படத்தையும், அதுக்கு டாக்டர் என்ன எழுதுனாங்கங்கிறதையும் காட்டிக் காட்டித்தான் பழக்குறோம். இதப் பழக்குனது பதினோராயிரம் படத்த வச்சு. எல்லாம் இந்த ஆஸ்பத்திரிப் படம்" என்றாள்.

"யார் அனுமதி குடுத்தது?" என்றேன்.

"நீங்கதான் மேடம். மூணு வருசத்துக்கு முன்னால." ஒரு தாளை நீட்டினாள். என் கையெழுத்து. தினமும் நாற்பது தாளை நீட்டுகிறார்கள், எதை என்று படிப்பது?

"நீல மையில எழுதினத விட்டுட்டோம். செவப்பு மைய மட்டும்தான் எடுத்தோம், அதான் கடைசி முடிவுன்னு. வலது பக்கம் கீழ இந்த மாதிரித் திட்டு, சளியில கிருமி இல்ல, அப்படி எழுபது படம் இருக்கு. அறுபத்தாறுல மேடம் காசநோய்ன்னு எழுதிருக்காங்க. குழாய் விட்டுப் பாக்கச் சொன்னது நாலு. மிஷின் மேடத்தோட கண்ணாலதான் பாக்குது சார். அவங்க ஒரு வீம்புக்கு மாத்திச் சொல்லலன்னா அன்னிக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் சொல்லிருக்கும்."

வீம்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

டீன் தொண்டையைக் கனைத்தார். யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். "படிச்சவ தப்புப் பண்ணிட்டு வாத்திச்சி மேல பழி போடுதா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

தலைவலி. போகவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

ரிட்டயர் ஆகிறவர்கள் எல்லாப் பிரிவிலும் 'பாக்கி எதுவும் இல்லை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதற்காகத்தான் ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். வேறு எதற்கும் இல்லை. ரெக்கார்டு கிளார்க் சுடலைமணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "வேற என்னம்மா?" என்றார்.

"ரெண்டாயிரத்துப் பதினாறு எக்ஸ்ரே ரிஜிஸ்டர எடுங்க" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

ஆகஸ்ட் மாதம். மாடத்தி, பெண், 32. அதற்கு நேரே சிவப்பில் என் கையெழுத்து: மறுபடியும் காசநோய், ஊசியோடு இரண்டாம் சிகிச்சை. முந்தின வருஷ ரிஜிஸ்டரிலும் இருந்தாள். அதிலும் சிவப்பு.

ஆகஸ்ட் பக்கத்தில் சிவப்பு மைக்குக் கீழே காகிதம் சொரசொரவென்று இருந்தது. ரப்பர் போட்டு அழித்த இடம். ஜன்னலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பென்சில் அழுத்தின தடம் தெரிந்தது. படிக்க முடிந்தது. "சென்ற வருடப் படத்திலும் அதே இடம். கல்யாண வீட்டில் புரையேறியதாகச் சொல்கிறார். பிராங்கோஸ்கோப்பி செய்யலாமா?" எழுதினவள் பெயர் இல்லை. பெயர் எதற்கு? அந்தக் கையெழுத்தை மூன்று வருஷம் திருத்தியவள் நான்.

அழித்தது நான் இல்லை. அவளையே அழிக்க வைத்தேன். ஞாபகம் இருக்கிறது. எட்டு மணி கூட்டத்தில், பதினைந்து பேருக்கு முன்னால், ரப்பரை வரவழைத்து அவள் கையில் கொடுத்து, "செவப்புக்குக் கீழ எழுத நீ யாரு? அழி. சத்தமாச் சொல்லிக்கிட்டே அழி" என்றேன். "ஸாரி மேடம், ஸாரி மேடம்" என்று சொல்லிக்கொண்டே அழித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் பிராக்டிகலில் ஃபெயில் போட்டதற்கு இது காரணம் இல்லை. அவளுக்கு வேறு குறைகளும் இருந்தன.

சுடலைமணி, "ஒடம்பு சரியில்லியாம்மா? சோடா வாங்கியாரச் சொல்லட்டா?" என்றார். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காது ரிப்போர்ட் வந்தது. இரண்டு காதும் பெரும்பாலும் போய்விட்டது. நரம்புக் கோளாறு, மருந்தால் வந்தது, இனித் திரும்பாது.

முதல் நாள் அவள் கேட்டது இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது. நீங்க இன்னும் இங்கனதான் இருக்கீயளா? என்னை அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அவளைத் தெரியவில்லை. ஃபைலில் இருந்த பழைய சீட்டை விரித்துப் பார்த்தேன். அதிலும் என் கையெழுத்து. மடையன் என்று அன்றைக்கு யாரைச் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

வராண்டாவில் ஜெபக்கனி வந்து நின்றாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"பேரக் கேட்டன்னிக்கே. மறக்குற பேரா அது மேடம்? மீட்டிங்ல அவளோட பழைய கதையச் சொல்லல நான். டீனுக்கும் தெரியாது."

"எம்மேல எரக்கமா?"

"எரக்கமா! உங்க மேலயா?" என்று சீறினாள். "அன்னிக்கு ரப்பரக் கீழ போட்டுட்டு அந்தப் பொம்பள கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். போகல. மார்க்குக்குப் பயந்து அழிச்சேன். ஒம்போது வருசமா அந்தச் சொரசொரப்பு வெரல்ல இருக்கு. நான் சொல்லிட்டா உங்களுக்குச் சுலபமாப் போயிரும், என்னயத் திட்டிக்கிட்டே ரிட்டயர் ஆயிருவீங்க. நீங்களே சொல்லணும். அவகிட்ட."

போய்விட்டாள். இந்த மாதிரி என்னிடம் யாரும் பேசினதில்லை. பேசவிட்டதில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

மோட்டார் வந்து மாட்டியாயிற்று. சத்தம் அதிகமாக இருக்கிறது.

சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? காது வரப்போகிறதா? புருஷன் வரப்போகிறானா? மார்ச் 31 தாண்டிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. சொன்னால் விசாரணை, பேப்பர், டி.வி. பென்ஷனைக்கூட நிறுத்தி வைப்பார்கள். நாளைக்கு மாடத்தியை டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லி நவ்ஷாத்திடம் சொல்லியிருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பாக்கு அகற்றப்பட்டது' என்று போட்டால் போதும். பழசைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மத்தியானம் சாப்பாடு நேரத்தில் வார்டு வழியாகப் போனேன். சொர்ணம் தட்டைக் காலால் தள்ளினாள். மாடத்தி குனிந்து எடுத்தாள். எடுக்கும்போது தலை சுற்றிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாக்கை எடுத்துப் பதிமூன்று நாள் ஆகிறது. இந்தத் தட்டு இப்போதும் தரையில்தான் வருகிறது. ஏன் வராது? இது காசநோய் இல்லை என்று யார் அந்த வாசலில் போய்ச் சொன்னது?

பிப்ரவரி 28, வெள்ளி

பத்து மணிக்கு வார்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாடத்தி துணிப்பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் வார்டு ஸ்டூலில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல்.

"மாடத்தி, ஒனக்குக் காசநோய் எப்பமுமே கிடையாது. நாந்தான் தப்பா மருந்து குடுத்தேன். அந்த ஊசியிலதான் ஒனக்குக் காது போச்சு" என்றேன்.

என் வாயைப் பார்த்தாள். "கேக்கல" என்றாள்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கல டாக்டரம்மா."

இன்னும் சத்தமாகச் சொன்னேன். சிஸ்டர் ரோணிக்கம் மருந்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். நவ்ஷாத்தும் பிள்ளைகளும் ரவுண்ட்ஸுக்கு வந்து வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஜெபக்கனி.

"கேக்கலியே" என்றாள் மாடத்தி, தலையை ஆட்டி.

எழுந்து நின்றேன். "ஒனக்குக் காசநோய் கிடையாது! ஒருநாளும் இருந்ததில்ல! நான் பண்ணின தப்பு! என்னாலதான் ஒனக்குக் காது போச்சு!" என்று கத்தினேன். நாற்பது கட்டிலுக்கும் கேட்டது. கத்தியே பிழைப்பு நடத்தினவளுக்கு இன்றைக்குத்தான் தொண்டை வலித்தது.

மாடத்தி துணிப்பையின் வாயை முடிந்தாள். மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தாள். அங்கே சொர்ணம், மூக்கை மூடின சேலைத் தலைப்பு கையிலிருந்து நழுவி, வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

"மொதத் தடவையே வெளங்கிருச்சு டாக்டரம்மா. வாயப் பாத்தாலே எனக்குத் தெரியும். ஒம்போது வருசமா வாயத்தான பாக்கேன்" என்றாள் மாடத்தி. "அவளுக்குக் கேக்கணும்லா."

"என்னய மன்னிச்சிரு" என்றேன்.

"அத நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு எழுதிக் குடுங்க. எம் பேருக்கு நேரா அன்னிக்குச் செவப்புலதான எழுதுனீய? செவப்புலயே எழுதுங்க."

நவ்ஷாத் என்னைப் பார்த்து, வேண்டாம் மேடம் என்பது போலத் தலையை அசைத்தான். அவனுக்குத் தெரியும் அந்தத் தாள் எங்கெல்லாம் போகும் என்று. எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரித் தாளில், சிவப்பு மையில், தமிழில் எழுதினேன்: மாடத்திக்குக் காசநோய் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. 2015-லும் 2016-லும் நான் கொடுத்த சிகிச்சை தவறு. காது கேளாமல் போனது அதனால்தான். டாக்டர் உலகம்மை.

மாடத்தி வாங்கினாள். அஞ்சாவது வரை படித்தவளாம். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கையெழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை விரலால் தட்டி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீல் வைக்கலியே?" என்றாள்.

சிஸ்டர் ரோணிக்கம் எடுத்துவர நகர்ந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மாடிக்குப் போய் நானே எடுத்து வந்தேன்.